நாலு விரல் துணி

பெரியவளின் அப்பாவுக்கு,

இங்கே மூன்று பேரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறீர்களா? உங்களைப் பற்றித் தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

உங்களோடு வேலை செய்யும் கிரேன்காரர் விடுமுறை முடிந்து நாளைக் காலை கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். என் போன் செத்ததிலிருந்து உங்கள் அக்காவின் போன்தான் கதி. நான் பேசும்போது அவர் பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களோ அந்தப் பக்கம் "ம்", "சரி", "அப்புறம்" என்று மூன்று சொற்களில் குடும்பம் நடத்துகிறவர். இதில் நான் எதைச் சொல்ல?

இன்று கடையில் கரண்ட் இல்லை. மெஷின்கள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. முதலாளியம்மா அட்டையால் விசிறிக்கொண்டு கரண்ட் ஆபீஸைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் கதவின் கொண்டி கழன்றுவிட்டது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கட்டெறும்பு என்று நீங்கள் பேர் வைத்த நேரம், பல் போன பிறகும் கடிக்கிறாள். எனக்குத்தான் உடம்பு முழுக்க அலுப்பு. காலையில் எழுந்திருக்கும்போதே சாயங்காலம் மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்கள் அக்கா ஒரு பொட்டலத்தோடு வந்தார். நல்ல கனமான துணி, ஓரமெல்லாம் பளபளப்பு. நீங்கள் விடுமுறைக்கு வரும்போதே பெரியவளின் கல்யாணத்தை முடித்துவிடலாம், உதிரிபாகக் கடைக்காரர் வீட்டில் சம்மதம், தம்பியும் சரியென்று சொல்லியாச்சு, நீ உடுப்பைத் தைத்து வை என்றார். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டபோது நீங்கள் சரி என்றதை நானும் கேட்டேன். அக்கா பார்த்துச் செஞ்சா சரிதான் என்றீர்கள். பின்னால் கலவை மெஷின் சத்தம் கேட்டது. எதற்குச் சரி சொல்கிறோம் என்று உங்கள் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

வளர்ற பிள்ளை, உள்ளே நாலு விரல் துணி விட்டுத் தை, பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுக்கலாம் என்றார் அக்கா. அடுப்பில் பால் பொங்கியது, இறக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பெரியவளைக் கூப்பிட்டு நடுவீட்டில் நிறுத்தி, டேப்பை என் கையில் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதல்லவா, அவள் யூனிபாரத்துக்கு அளவெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். கையைத் தூக்கு என்பதற்கு முன்பே தூக்கினாள். போன வருஷம் நீ மறந்துட்டேம்மா, இந்தத் தடவை பேனா வைக்க ஒரு பாக்கெட் வை என்றாள். உங்கள் அக்கா சிரித்துவிட்டார். கல்யாண உடுப்புல எதுக்குடி பாக்கெட் என்று கேட்டார். அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது. பெற்றவள் நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. தூக்கிய கை மெல்லக் கீழே வந்தது. நான் இடுப்பளவு எடுத்து முடித்திருக்கவில்லை.

நான் செய்கிற வேலையைப் பற்றி உங்களுக்கு ஒருநாளும் விவரமாகச் சொன்னதில்லை. எங்கள் கடைக்கு ஏதேதோ நாடுகளிலிருந்து கல்யாண உடுப்புக்கு ஆர்டர் வருகிறது. கூட வரும் அளவுச் சீட்டில் உள்ள மொழி எனக்குப் புரியாது, எண்தான் புரியும். தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று பார்த்தவுடன் இது பிள்ளை உடம்பு என்று தெரிந்துவிடும். அதற்குக் கீழே முதலாளியம்மா தமிழில் எழுதித் தருவார், உள்ளே தாராளமாகத் துணி விடவும் என்று. வளர்ந்த பெண்ணின் உடுப்புக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. கடல் தாண்டி இருக்கிறவர்களும் உங்கள் அக்காவும் ஒரே மாதிரி கேட்கிறார்கள். எங்கோ இருக்கிற அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் துணி விட்டுத் தைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வயிற்றுப் பிழைப்பு, வேறென்ன சொல்ல.

பால்காரர் மகளை ஞாபகம் இருக்கிறதா? நம் பெரியவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், வாயாடி. போன வருஷம் அவளுக்குக் கல்யாண உடுப்புத் தைத்ததும் நான்தான். பள்ளிக்கூடம் லீவு விடுவதற்கு முன்னால் ஒருநாள் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள், உடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி. ஏற்கெனவே இரண்டு தடவை பிரித்தாயிற்று, உள்ளே இனி விரல் நுனி அளவுக்குக்கூடத் துணி இல்லை. நான் உடுப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். குழந்தை மடியிலிருந்து நழுவியது, ஓடிப்போய் நான்தான் பிடித்தேன். எழுந்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? பெரியவ கிளாஸ்ல இப்ப என்ன பாடம் நடக்குதுக்கா என்று. எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

இனி எழுதப் போவதை வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன். கிரேன்காரர் உறையைப் பிரிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

எனக்கும் துணி விட்டுத்தான் தைத்தார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து. தூக்கத்தில் அம்மா என்று கத்துகிறேன் என்று நீங்களே பிறகு சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நம் முதல் பிள்ளை பிறக்காமலே போனபோது நீங்கள் வேலைக்காக வெளியூரில் இருந்தீர்கள். குழந்தை தங்கவில்லை என்று மட்டும் உங்களுக்குச் சொன்னார்கள். இரண்டு பகல் வலியில் கிடந்தேன். இடுப்பெலும்பே இன்னும் முற்றவில்லை, இந்தப் பிள்ளையைப் போய்ப் பிள்ளை பெறச் சொல்கிறீர்களே என்று டாக்டரம்மா உங்கள் அக்காவைச் சத்தம் போட்டது மட்டும் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குச் சிறுநீர் அடக்க முடிவதில்லை. இருமினால், தும்மினால், துணிக்கட்டைத் தூக்கினால் நனைந்துவிடும். கடை நாற்காலியில் நான் பழந்துணி மடித்துப் போட்டு உட்காருவது மெத்தைக்காக இல்லை. விசேஷ வீடுகளுக்கு வர மறுக்கிறேன், எப்போது பார்த்தாலும் கறுப்பு உடுத்துகிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன் என்று எத்தனை தடவை கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். திமிர் பிடித்தவள் என்றுகூட ஒருமுறை சொன்னீர்கள். திமிர் இல்லை, இதுதான் காரணம்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கை ஓங்கினது கிடையாது, குடி கிடையாது, எனக்கு மெஷின் வாங்கித் தந்து தொழில் கற்க அனுப்பியதும் நீங்கள்தான். நீங்கள் நல்லவர். நல்லவருக்கு வாழ்க்கைப்பட்டும் எனக்கு இப்படித்தான் ஆயிற்று. அதனால் உதிரிபாகக் கடைக்காரர் தங்கமான பையன் என்று உங்கள் அக்கா சொல்லும்போது எனக்கு நிம்மதி வருவதில்லை. தங்கமான அந்தப் பையனுக்கு வயது இருபத்தேழு.

அக்காவோடு சண்டை போடவும் என்னிடம் தெம்பில்லை. அவர் கெட்டவர் இல்லை. தாயில்லாத உங்களைத் தூக்கி வளர்த்தவர். காலம் கெட்டுக் கிடக்கு, பெண்ணை எத்தனை நாள் பொத்திப் பொத்தி வைப்பே என்று என்னிடம் கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. அவருக்குக் கல்யாணம் ஆனது பதின்மூன்றில். அந்த வயதில் என்ன விளையாடுவீர்கள் அக்கா என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டார். அவை என் துணிகள், அவர் வீட்டுத் துணிகள் அல்ல.

பெரியவள் அன்றிலிருந்து கூனிக்கொண்டு நடக்கிறாள். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதட்டிக் கேட்டதற்கு அப்புறம்தான் சொன்னாள். நான் வளர்ந்துட்டேன், அதனாலதான் கல்யாணம்னு அத்தை சொன்னாங்க, நான் இனிமே வளர மாட்டேம்மா என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பெற்ற பிள்ளை என் சாப்பாட்டுக்குப் பயப்படுகிறாள். இதைக் கேட்டுக்கொண்டு நான் இன்னும் எதற்குப் பேசாமல் இருக்க வேண்டும்?

முந்தாநாள் துணியை எடுத்தேன். அவள் அளவில் வெட்டவில்லை. நாலு விரலும் விடவில்லை. டேப்பை எடுத்து என்னை நானே அளந்துகொண்டேன். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், எல்லாம் முப்பது தாண்டிய என் அளவு. வெட்டித் தைத்தும் முடித்துவிட்டேன். இடது பக்கம் ஒரு பாக்கெட்டும் வைத்திருக்கிறேன். கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற பெண், உனக்கென்ன பைத்தியமா, கல்யாண உடுப்பில் பாக்கெட்டா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரியவளுக்குப் போட்டுப் பார்த்தேன். தோள் முழங்கைக்கு வந்தது, கை விரலைத் தாண்டித் தொங்கியது. சின்னவள் கீழே புகுந்து மறுபக்கம் வெளியே வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு பெரியவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இது யாருக்கும்மா என்றாள். உனக்குத்தான், இது உனக்குச் சரியாக இருக்கும்போது, உனக்கும் இஷ்டம் இருந்தால் போட்டுக்கோ என்றேன். அன்று சாயங்காலம் இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள்.

உங்கள் அக்கா இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் வீடு இரண்டாகும். பெரிசா இருந்தா என்ன, பிடிச்சுத் தை என்பார். நான் பிடித்துத் தர மாட்டேன். ஊரில் வேறு தையற்காரர் இல்லையா என்று அவர் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். உடுப்பை எடுத்துக்கொண்டு போகட்டும், பெண்ணை விட மாட்டேன். எனக்குச் சத்தம் போட வராது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கே தெரியாது, வருமோ என்னவோ. வரவழைத்துக்கொள்வேன்.

ஆனால் என் சத்தத்தைவிட உங்கள் ஒரு சொல் அவருக்குப் பெரிது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலப் போன் செய்வீர்கள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், போனை அவரிடமே கொடுத்துவிடுவேன். கலவை மெஷின் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். அக்கா, இந்தக் கல்யாணம் வேண்டாம், அவள் படிக்கட்டும் என்று அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். ம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ம் எனக்குத் தாங்காது.

கரண்ட் வந்துவிட்டது. முதலாளியம்மா என்னைப் பார்க்கிறார். மேசையில் எனக்காக ஒரு சீட்டு காத்திருக்கிறது. மார்பளவைப் பார்த்தேன், நம் பெரியவள் அளவுதான்.

உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள். தைலத்தைத் தேயுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நன்றாகத் திரும்பி வந்தால் போதும், எங்களுக்கு வேறெதுவும் கொண்டுவர வேண்டாம்.

பெரியவளுக்கு மட்டும் ஒரு பேனா வாங்கி வாருங்கள். பாக்கெட் தைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா