கொட்டாய்ச் சுவரில் ஒரு பிக்கப்

"என்னாலதானே, பாப்பா?" என்று அன்று நீ கேட்டாய். மண்வெட்டிக் காம்பின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், குழியைப் பார்த்துக் கேட்டாய். "மழை வர்ற மாதிரி இருக்கு, அண்ணே" என்றேன். நீ தலையாட்டிவிட்டு மண்ணைத் தள்ள ஆரம்பித்தாய்.

இன்று மத்தியானம் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் நான் தட்டெழுத்து வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்துக்குக் கீழே புதிதாக ஒரு பேட்டரிக் கடை வந்திருக்கிறது. சாப்பிடுவதற்காகப் படியிறங்கினேன். கடைக்காரர் நடைபாதையில் குந்தியிருந்து ஒரு பழைய பேட்டரியைப் பிளந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்த சாம்பல் நிறத் தகடுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் சாப்பிடாமலே மேலே வந்துவிட்டேன். மாலை வரைக்கும் யாருடைய உயிலிலோ ஒரே வரியைத் தப்பும் திருத்தமுமாக அடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தலைவலியா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். உன்னைப் பற்றி இங்கே யாரிடமும் நான் பேசியதில்லை.

அந்த வருஷம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார், தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாக வந்து சொன்னார். ஆட்களுக்கு அடுக்குமாடியில் வீடு. மாடுகளுக்கு ஒன்றும் இல்லை.

"தீபாவளி முடிஞ்சதும் மாட்டையெல்லாம் அப்புறப்படுத்திடணும் தம்பி. மாடி வீட்டுல மாடு ஏறாதுலா" என்று சொல்லி அவரே சிரித்தார்.

"உங்களையே ஏத்தறாங்களே, கிராணியாரே" என்றாய் நீ.

அம்மா உன் முதுகில் ஒரு அடி வைத்தாள். கிராணியார் போகும்வரை நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். அவர் போனதும் கொட்டாய்க்குள் போய் நம் மாடு கறுப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.

அப்பா போன பிறகு நம் மூவருக்கும் சோறு போட்டவை அந்த ஐந்து மாடுகள். நீ கொஞ்ச நாள் தோட்டத்து லோரிப் பட்டறையில் கையாளாக இருந்தாய். பிறகு அதையும் விட்டுவிட்டு மாடுகளோடேயே இருந்துவிட்டாய். நான் ஆறாம் படிவம் வரை படித்தது, நூலகத்திலிருந்து பை நிறையப் புத்தகம் சுமந்து வந்து மூலையில் சுருண்டு கிடந்தது, எல்லாம் அந்தப் பாலில்தான். "நீ படி. மாட்டுக்குத் தெரியும், யாரு படிக்கணும் யாரு கறக்கணும்னு" என்பாய்.

ஜெஞ்சாரோமில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, தன் செம்பனைத் தோப்பின் ஓரத்தில் கொட்டாய் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். சாணம் அவருடைய மரங்களுக்கு, இடம் உனக்கு. ஆனால் மாட்டை மேயவிடக் கூடாது; இளஞ்செடிகளைக் கடித்துவிடும் என்றார். புல்லை வெளியிலிருந்து அறுத்துக் கொண்டுபோக வேண்டும். பாலைக் கிள்ளான் பட்டணத்துக்குக் கொண்டுவர வேண்டும். மாடுகளையும் ஒவ்வொன்றாக அங்கே கொண்டுசேர்க்க வேண்டும். உன் மோட்டார் சைக்கிளால் ஆகிற காரியம் இல்லை. ஆகவில்லை என்றால் என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தோட்டம் தோட்டமாக மாடு வாங்க வரும் லோரிகள் எங்கே போகின்றன என்று தெரியாதவர்கள் லயத்தில் யாரும் இல்லை.

"பிக்கப் ஒன்னு வேணும்மா" என்றாய் ஒருநாள் சாப்பிடும்போது.

"எதை வித்து வாங்குவ?"

"யாரு வாங்கப் போறா? செய்யப் போறேன்."

"பிக்கப் என்ன தோசையா, செய்யறதுக்கு?" என்றாள் அம்மா.

வட்ட விளக்கு வைத்த அந்தப் பழைய ஜப்பான் பிக்கப்தான் வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். நான் தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில் தெருவெல்லாம் அதுதான் ஓடியது. அதனாலேயே எந்தப் பழைய இரும்புக் கடையிலும் அதன் சாமான் கிடைக்கும், ஒன்றின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்தும் என்றாய். அது உண்மைதான். ஆனால் வேறொன்றும் இருந்தது. "அது மூஞ்சியப் பாரு பாப்பா. யாரையோ பாத்து ஆச்சரியப்பட்ட மாதிரியே இருக்கும்" என்று நீ சொன்னபோது உன் மூஞ்சியும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமைகளில் என்னையும் மேரு சாலைக்குக் கூட்டிக்கொண்டு போவாய். மழையில் நனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும் வண்டிகள். பழைய இரும்புக் கடைத் தவுக்கேயின் தமிழ் நம்முடையதைவிட வேகமாக ஓடும்.

"தம்பி, எல்லா வண்டியும் தட்டிப் பாத்தாச்சு. உனக்கு என்னதான்லா வேணும்?"

"பேப்பர் உயிரோட இருக்கிற சேசி ஒன்னு, பாஸ்."

"இந்தா, இதுக்குப் பேப்பர் உயிரு. சேசிதான் செத்துப்போச்சு. ரெண்டும் உயிரோட வேணும்னா புதுக்கடைக்குப் போ."

நீ அதன் அடியில் ஊர்ந்து போய்ச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தாய். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றலாம், பதிவு அட்டையில் இருக்கிற எண்ணைச் சுமக்கும் அடிச்சட்டமான சேசியை மட்டும் மாற்ற முடியாது என்று வழியில் எனக்கு விளக்கியிருந்தாய். வெளியே வந்தபோது உன் முகமெல்லாம் துரு. "சாகல, பாப்பா. மயக்கமாத்தான் கெடக்கு" என்று காதோரம் சொன்னாய்.

அன்றைக்குத்தான் கொட்டாய்ச் சுவரில் வரைந்தாய். தார் பூசிய பலகைச் சுவர். நான் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சுண்ணக்கட்டியால், ஒரு பிக்கப்பைப் பக்கவாட்டில், அசல் அளவிலேயே போட்டாய். கிடைத்த சாமானை முழுக்க வெள்ளையாகத் தீட்டுவாய். கிடைக்காதது வெறும் கோடாக நிற்கும். முதலில் சேசி மட்டும் வெள்ளை, எலும்பு மாதிரி. பிறகு ஒரு சக்கரம். பிறகு பானட். மழை, திருட்டு இரண்டுக்கும் பயந்து சாமான்களையெல்லாம் மாடுகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கினாய். நான் பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் கோடாக இருப்பதில் எதை எங்கே தேடலாம் என்று உன்னோடு சேர்ந்து யோசிப்பேன். கதவுக்குக் கண்ணாடி வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சீட்டுக்குப் பழைய பஸ்ஸின் பெஞ்சு போதும். இப்படி எதையாவது விட்டுக்கொடுத்துக் கொடுத்துத்தான் அந்த வண்டியைக் கிட்டே இழுத்தோம்.

அப்படி விட்டுக்கொடுத்தவற்றில் ஒன்று மாடுகளின் உப்புக்கட்டி. நடுவில் ஓட்டை போட்ட அந்தச் சிவப்புக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் நாள்முழுக்க நக்கிக்கொண்டிருக்கும். அது தீர்ந்துபோய், கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மாலை நான் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், சுவரில் ஓட்டுநர் பக்கக் கதவைக் காணோம். அதற்கு முதல் நாள்தான் கதவு கிடைத்து, நீ ஆசையாகத் தீட்டியிருந்தாய். கறுப்பி மூக்கெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ பாப்பா, கதவத் தின்னுட்டா!" நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இவளுக்கு ஜன்னல் பக்கத்து சீட்டு வேணுமாம்!"

நானும் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"உப்புக்கு அலையுதுடா" என்றாள் அம்மா வாசலில் நின்றபடி. "கட்டி வாங்கிப் போட்டு எவ்வளவு நாளாச்சு?"

"கியர் பாக்ஸ் வந்துரட்டும்மா. உப்பு மலையையே கொண்டாறேன்."

அதற்குள் மேற்குப் பக்கத்தில் மரங்களைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் நீ புல் அறுக்கும் இடம் மாலையில் செம்மண்ணாகக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் தூரம் போய் அறுத்தாய். சவரம் செய்வதை விட்டாய். சாப்பிடும்போதே தூங்கிவிழுவாய். நான் ஏதாவது பேசினால், "தீபாவளிக்கு முன்னாடி" என்று மட்டும் சொல்வாய், என் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும். கியர் பாக்ஸ் வந்தது. என்ஜின் உட்கார்ந்தது. சுவரில் கோடாக மிச்சம் இருந்தது பேட்டரி ஒன்றுதான்.

"இதையாவது புதுசா வாங்கிடலாமே, அண்ணே."

"மத்ததெல்லாம் பழசு. இதுக்கு மட்டும் புதுசு வாங்கினா மத்ததெல்லாம் கோச்சுக்கும்" என்றாய்.

பழைய இரும்புக் கடைத் தவுக்கே செத்துப்போன பேட்டரிகள் சிலவற்றைச் சும்மாவே கொடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் நல்ல தகடுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் ஒரு பேட்டரி தேறும். பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான். வெளியே மழை விடவில்லை. வீட்டுக்குள் அமில நெடிக்கு அம்மா விடமாட்டாள். நீ கொட்டாய்க்குள் உட்கார்ந்து அவற்றைப் பிளந்து, தகடுகளைக் கழுவி, காய்வதற்காகச் சுவரோரம் சாய்த்து வைத்தாய். சுவரில் பேட்டரிக்காக நீ போட்டிருந்த கோட்டுக்கு நேர் கீழே.

முதலில் கறுப்பி புல்லைத் தொடவில்லை. பிறகு பல்லை நறநறவென்று கடித்தாள். மறுநாள், வேலிக் கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நகராமல் நின்றாள். நீ பிடித்து இழுத்ததும் நேராகப் போய்ப் பால் கேனில் மோதினாள். கண் திறந்துதான் இருந்தது. நீ அதன் முன்னால் கையை ஆட்டினாய்.

"கறுப்பி. ஏய். நான்தாண்டி."

கால்நடை இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். மாட்டைப் பார்த்துவிட்டு, கொட்டாயைச் சுற்றி நடந்தார். சுவரோரம் குனிந்து ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். சாம்பல் பூச்சின் நடுவே, நாக்கு போன வழி தெளிவாகத் தெரிந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

"ஈயம்" என்றார் மலாயில். "மாட்டுக்கு அந்த ருசி பிடிக்கும், அண்ணே. முன்னாடியும் பாத்திருக்கேன்." கறுப்பிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார். மற்ற நாலின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். முடிவு வரும்வரை ஒரு சொட்டுப் பாலும் விற்கக் கூடாது, நீங்களும் குடிக்கக் கூடாது என்றார். அவர் கடுமையாகப் பேசியிருந்தால் நீ தாங்கியிருப்பாய். உன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கறுப்பிக்குக் குழி வெட்ட லயத்து ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். மூடுவதற்கு மட்டும் நீ யாரையும் விடவில்லை. எல்லோரும் போன பிறகுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

நான் வாசித்த புத்தகங்களில் மனிதர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் எவ்வளவோ பேசினார்கள். இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆமாம் என்பதை எந்த வாயால் சொல்வது? இன்றைக்கு யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. வேலை செய்த கை உன்னுடையது, அண்ணே. ஆனால் அந்தச் சுவரின் முன்னால் உட்கார்ந்து, எதைக் குறைக்கலாம், எதை விடலாம் என்று யோசித்தது நாம் எல்லோரும். கதவு காணாமல்போன மாலையில் சிரித்தது எல்லோரும். அதைச் சொல்லியிருக்கலாம். அந்தக் குழியின் ஓரத்தில் உன்னைத் தனியாக நிற்கவிடாமல் இருந்திருக்கலாம். மழையைப் பற்றிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ கிள்ளானில் நம் பால் வாங்கும் வீடுகளுக்கெல்லாம் போய், "கொஞ்ச நாள் பொறுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டாய். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். டின் பாலுக்குப் போய்விட்டார்கள். மற்ற மாடுகளுக்கு ஆபத்தில்லை என்று முடிவு வருவதற்குள் தீபாவளி போய்விட்டது, கொட்டாய்க்குப் பின்னால் இருந்த மண்ணையும் தோண்டிவிட்டார்கள். கறுப்பியைப் புதைத்த இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை. டெங்கில் ஊரிலிருந்து மாடு வாங்க ஒருவர் லோரியோடு வந்தார். "வளக்கறதுக்குத்தான் தம்பி, வளக்கறதுக்குத்தான்" என்று கேட்காமலே சொன்னார். நீ நான்கையும் குளிப்பாட்டி, துடைத்து, நீயே ஏற்றிவிட்டாய்.

பிக்கப்பை நீ விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். விடவில்லை. நீயே தனியாக அதை முடித்தாய். எல்லாம் பழசாக இருந்த அந்த வண்டியில் பேட்டரி மட்டும் புதுசு. அது முதலில் உறுமியபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நீ என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துக் கிடந்தாய். பிறகு லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றையும் அடுக்குமாடிக்கு ஏற்றிக்கொண்டு போனாய். அலமாரி, ஆட்டுக்கல், சாமிப் படம், கோழிக்கூடு. யாரிடமும் காசு வாங்கவில்லை. கடைசியாக நாம் போனோம். கொட்டாயை இடிக்கும்போது அந்தப் பலகைகளில் வெள்ளைப் பிக்கப் இன்னும் இருந்தது, ஒரு கதவு இல்லாமல். நீ அந்தக் கதவை மறுபடி தீட்டவே இல்லை.

பிறகு உன் பெட்டியை ஒழித்தபோது, துணிகளுக்கு அடியில் ஒரு உப்புக்கட்டி கிடைத்தது. உறை பிரிக்காதது. கியர் பாக்ஸ் வந்த வாரத்தில் வாங்கியதா, எல்லாம் முடிந்த பிறகு வாங்கியதா, தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அதை நான் எடுத்துக்கொண்டேன். இங்கே என் மேசைமேல், புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை நாட்களில் உறைக்குள் வியர்க்கிறது. துடைத்து வைக்கிறேன்.

மாடியில் குடியேறிய மறுவருஷம் மழைக்காலத்தில் உனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்ட, உன்னை உன் வண்டியிலேயே படுக்கவைத்துக் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம். நீ திரும்பி வரவில்லை. பிக்கப்பை ஜெஞ்சாரோம் தவுக்கே வாங்கிக்கொண்டார். இன்னும் ஓடுகிறது. செம்பனைக் குலை ஏற்றுகிறார். மாட்டுக்கென்று ஒரு கட்டுப் புல்கூட அதில் ஏறவில்லை.