பக்கத்து சீட்டுக்கு எண்பது கிலோ

11.1.2025, சனி

இன்று தனியாகப் பறந்தேன்! விமானம் ஓட்டச் சொல்லித்தரும் கேப்டன் ஹஸ்ருல் இறங்கிக்கொண்டு, “போலே லா, லீனா” என்று கதவைச் சாத்தினார். உன்னால் முடியுமாம்.

ஓர் ஆள் எடை குறைந்ததும் விமானம் துள்ளி எழுந்தது. மேலே போன பிறகுதான் பக்கத்து சீட் காலி என்று உறைத்தது. “என்னங்க, பாத்துக்கிட்டு இருக்கீங்களா?” என்று காலி சீட்டிடம் கேட்டேன். நாற்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தேவையா? தேவைதான்.

‘என்னங்க’ — என் வீட்டுக்காரர் நாதன் — அப்போது அக்கரையில் மாக் மண்டின் ஃபேக்டரி வேலைக்குப் போகும் வழியில், வழக்கம்போலக் கடல் பாலத்து ஜாமில்.

12.1.2025, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இவர் மார்தட்டினார்: “லீனா லைசென்ஸ் எடுக்கட்டும். முதல் ஆளா நான்தான் பக்கத்துல உக்காருவேன்!” ஃபெரியிலேயே கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன்.

22.2.2025

பாஸ்! பாஸ்! பாஸ்!

1.3.2025

லைசென்ஸ் கைக்கு வந்தது. இவருக்கு முதுகுவலியும் வந்தது.

8.3.2025, சனி

இவரைப் பறக்கும் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டே சீட் விமானம். ஆட்கள் எடை, டாங்கில் ஊற்றும் எண்ணெய் எடை எல்லாம் முன்பே எழுதிக் கூட்ட வேண்டும்; வரம்பைத் தாண்டக் கூடாது.

“எண்பது கிலோ” என்றார் இவர். எழுதினேன். கேப்டன் பேப்பரைப் பார்த்தார், இவர் வயிற்றைப் பார்த்தார், மூலையில் கிடந்த எடை மிஷினைக் காலால் தள்ளிவிட்டார்.

இவர் மிஷினில் ஏறவில்லை. “சாம்பல் புதன் வந்தாச்சு. தவக்காலம் முழுக்க இறைச்சி கிடையாது. ஈஸ்டருக்கு எண்பதுல நிக்கிறேன், பாரு.”

ஆண்டவரே, தவத்தை டயட்டாக்கிய முதல் கத்தோலிக்கர் இவர்தான்.

21.3.2025

இறைச்சி இல்லைதான். மீன் தலைக் கறி இரண்டு தட்டு. ரொட்டி சானாய் மூன்று.

25.4.2025, வெள்ளி

ஈஸ்டரும் போயிற்று. இன்றைக்கு முதுகுவலி மறுபடி. கத்திவிட்டேன். ஏத்திக்கிட்டுப் போக ஆளா இல்ல? தங்கச்சி கிறிஸ்டல் நான் வரேன் நான் வரேன்னு நிக்கிறா. எனக்கு முதல் ஆளு இவருதான் வேணும். வேற யாரும் வேணாம்!

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “எடை இல்ல லீனா. பயம்.”

இதச் சொல்லவா இத்தனை நாளு எண்பது எண்பதுன்னு... கோபம் போய்ச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். எனக்கும் பயம்தான், அன்றைக்குக் காலி சீட்டோடு பேசினேன் என்றேன்.

“என்ன பேசுன?”

சொன்னேன். அதற்கப்புறம் இவர் சாப்பிடவில்லை.

26.4.2025, சனி

தானாகவே மிஷினில் ஏறினார். கிளப் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார்: “தொண்ணூத்தி ஒம்போது!” எண்ணெயைக் குறைத்துக்கொண்டோம். பாலம் வரை போய் வரத் தாராளம்.

மேலே எழுந்ததும் கேட்டேன். “என்னங்க, பாத்துக்கிட்டு இருக்கீங்களா?”

“கண்ண மூடிக்கிட்டு இருக்கேன். நீ பாத்தா போதும்.”

சரியென்று நானே பார்த்துச் சொல்லிக்கொண்டு போனேன். கடல். கப்பல். பாலம். “ஐயோ, பாலத்துல என்னா ஜாம்!”

“எங்க?”

ஒரு கண் திறந்தது. இறங்கும் வரை அப்புறம் மூடவே இல்லை.