பான்ரி வீட்டு வேர்ப்பாலம்

ஜூலை 4, வெள்ளி
வெயில் கம்மி. மலை உச்சியில் மேகம். லாட்ஜில் பௌர்ணமி கிரிவலத்துக்கு எல்லா ரூமும் புக். தலையணை உறை பற்றாது.

மதியம் பான்ரி சாப்பிடவில்லை. ரூம் சுத்தம் செய்யும் பெண். மேகாலயாவில் ஒரு மலைக்கிராமம். இங்கே வந்துதான் தமிழ் கற்றாள். ஊரில் பெருமழையாம். “பாலம் அடி வாங்கிடுச்சு அக்கா. மரம் உயிரோட இருக்குதான்னு தெரியல.”

பாலத்துக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? போனில் காட்டினாள். இக்கரையில் நிற்கும் ஆல ஜாதி மரத்தின் வேர்கள் ஓடைக்கு மேலேயே போய் அக்கரை மண்ணில் இறங்கியிருக்கின்றன. குடைந்த பாக்குமரத்துக்குள் விட்டு வழிகாட்டுவார்களாம். அதன்மேல் வரிசையாக ஆட்கள், தலையில் சுமையோடு. கட்டியதல்ல, வளர்த்தது. என் டீ ஆறிப்போனது.

ஜூலை 5, சனி
பஸ்ஸில் வழியெல்லாம் ஆலமரமாகத் தேடினேன். விழுது என்றால் ஊஞ்சல் ஆடத்தான் என்று இருந்தேனே.

பான்ரிக்கு ஊரிலிருந்து போன். மரம் பிழைத்துவிட்டது. அக்கரைப் பக்கம் வேர்கள் அறுந்துபோயின. வீட்டுக்கு ஒருவர் வந்து புது வேர் திருப்ப வேண்டும். பான்ரியின் அம்மாவுக்கு முழங்கால் வலி, வேறு ஆளில்லை. போகாவிட்டால்?

“யாரும் திட்ட மாட்டாங்க அக்கா. அதுல நடக்கறப்போ எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.”

ஜூலை 6, ஞாயிறு
மேனேஜரிடம் லீவு கேட்டாள். நான் கவுண்டரில்.

“மரத்துக்கு உடம்பு சரியில்லன்னு லீவா? மாமியார் செத்துட்டாங்கன்னு சொல்லு, நம்பறேன்.”

“எனக்கு மாமியார் இல்ல சார்.”

“பௌர்ணமிக்கு ஆள் இல்லன்னா எப்படி? போனா அப்படியே போயிடு.”

எப்படியும் போவாள். முகத்தில் தெரிந்தது. அந்த வீடு ஓடுவதே இந்த வேலையில்தான். அவர் முன்னால் என்றைக்கும் திறக்காத என் வாய் தானாகத் திறந்தது. “அவ ரூமெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்.”

“நீ பேசுவியாம்மா? பி.காம். படிச்சிட்டு பெட்ஷீட் மாத்துவியா?”

“மாத்தறேன் சார்.”

லீவு கிடைத்தது.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி
கூட்டம் ஜாஸ்தி. பெட்ஷீட், வாளி, சோப்பு, மறுபடி பெட்ஷீட். இடுப்பு போச்சு. அம்மாவிடம் சொல்லவில்லை. படிக்கவைத்த பெண் கக்கூஸ் கழுவினாள் என்றால் அழுவாள்.

ஜூலை 16, புதன்
தூறல். பான்ரியிடமிருந்து போட்டோ. சேறு அப்பிய கை. விரல் தடிமனில் ஒரு வேர், பாக்குமரக் குழிக்குள் நுழைகிறது. அக்கரை எங்கேயோ.

போன் போட்டேன். எப்போ நடக்கலாம்?

“இப்போ மூங்கில் போட்டிருக்கோம் அக்கா. இந்த வேர் மேலயா? என் பொண்ணோட பசங்க நடப்பாங்க.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். பின்னால் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.