தேசிக்காயும் என் சைக்கிளும்

2006 ஒக்டோபர் 14, சனி இரவு. சிங்போர்ட், காட்டோர விடுமுறை முகாம்.

தங்குவதற்காகக் காருக்குப் பின்னால் இழுத்துவந்த புதுக் கரவனுக்குத் தேசிக்காய் வைக்கவில்லை என்பது, அதைக் கழற்றி நிறுத்திய பிறகுதான் மச்சானுக்கு நினைவுக்கு வந்தது. சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய்களை வைத்து, கைபிரேக்கை விட்டு, இருவரும் தள்ளினோம். தரை சரிவு என்பதை யாரும் கவனிக்கவில்லை. கரவன் தேசிக்காய்களை நசுக்கி, என் சைக்கிளையும் நெளித்துவிட்டு, வேலியில் போய் நின்றது.

முழங்கால் அறுவைக்குப் பிறகு என் மனைவி மலர் இன்றுதான் முதன்முதலாகச் சைக்கிள் ஓடுவதாக இருந்தாள். பக்கத்திலேயே வருவேன் என்று சொல்லியிருந்தேன்.

"நாளைக்குப் பாப்பம், மலர்."

"முறிஞ்சது உங்கட சைக்கிள்தானே. என்ர காலில்லை. நான் போறன்."

"விழுந்தால்?"

"எழும்புவன். நீங்கள் அண்ணையோட நிண்டு சாறு பிழியுங்கோ."

மஞ்சளாகிவிட்ட மரங்களுக்கிடையே அவளுடைய சிவப்புச் சட்டை மறைந்தது. செய்தியாளனாக எத்தனையோ வாசல்களில் காத்து நின்றிருக்கிறேன். எங்கும் இப்படித் தவித்ததில்லை. வியர்த்து, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். வளைவில்கூடக் கால் ஊன்றவில்லை.

இப்போது ஆழ்ந்து தூங்குகிறாள். காலையில் குளம்வரை போகப்போகிறாளாம். நான் கூடப் போவதற்குத் தன் சைக்கிளைத் தருவதாக மச்சான் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.