ஏலக்காய் டப்பாவில் போட்ட மாத்திரை

பெட்டி கட்டுவதற்காக இன்று பரணிலிருந்து உங்கள் சாம்பிள் டப்பாவை இறக்கினேன். போடி கடைத்தெருவில் ஏலக்காய் வாங்க வருகிறவர்களிடம் திறந்து நீட்டுவீர்களே, அந்தத் தகர டப்பா. மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசத்தோடு ஒரு மருந்து நெடியும் வந்தது. அடியில் ஒரு வெள்ளை மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரைக்கா, பிரஷருக்கா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளான நீங்களும் போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

மகளின் முதல் பிரசவத்துக்கு ஷார்ஜா கிளம்பியபோது நீங்கள் பார்த்த வேலை இது. மாத்திரை அட்டைகள் இடத்தை அடைக்கின்றன என்று எல்லாவற்றையும் பிதுக்கி இந்த டப்பாவில் கொட்டினீர்கள். நான் தடுத்தேன்.

"ஏலக்காய மொத ரகம், ரெண்டாம் ரகம்னு கண்ணாலயே பிரிக்கிறவன் நான். நாலு மாத்திரைய பிரிக்கத் தெரியாதா? போ புள்ள!" என்றீர்கள். உங்கள் தொழிலையே சந்தேகப்பட்டுவிட்டதுபோல் முகம் வேறு சிவந்துவிட்டது.

அந்த ஊர் வெயிலில் மாத்திரைகள் வியர்த்து, ஒன்றோடொன்று உரசி, எல்லாம் ஒரே மாவு நிறமாகிவிட்டன. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் சாப்பாட்டை மறந்தீர்கள். பிரஷர் மாத்திரை என்று நினைத்து இன்னொரு சர்க்கரை மாத்திரையையும் விழுங்கியிருக்கிறீர்கள். மகள் படுத்திருந்த ஆஸ்பத்திரி நடையிலேயே வேர்த்துக் கொட்டிச் சரிந்தீர்கள்.

ஓடி வந்த மலையாளத்து நர்ஸ், "மருந்தின்றெ பேரு பறயூ, அம்மே" என்றாள். குமுளிக்கு ஏலத்துக்குப் போய்வரும் வீட்டில் மலையாளமா புரியாது? மருந்தின் பெயரைக் கேட்கிறாள் என்று நன்றாகவே புரிந்தது. பெயர்தான் எனக்குத் தெரியாது. டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவள் மாத்திரைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் உங்கள் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். கண் விழித்ததும் நீங்கள் பேசிய முதல் பேச்சு எனக்கு மறக்காது. "கண்ணு சொருகிட்டா அட்டதான் புள்ள பேசும்."

ஊர் திரும்பிய பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. கடைத்தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் வழிமறித்து, மாத்திரையை அட்டையோடு வை, டாக்டர் சீட்டோடு வை, பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வை என்று, ஏதோ நீங்களே கண்டுபிடித்த மாதிரி சொல்லி அனுப்பினீர்கள். நான் பக்கத்தில் நின்று சிரித்தால் முறைப்பீர்கள்.

இப்போது மகளுக்கு இரண்டாவது பிரசவம். "அப்பா இருந்தாக, கூட்டிட்டு வந்தாக. சுகர வச்சுக்கிட்டு நீ தனியா எப்பிடிம்மா வருவ?" என்று போனில் அழுகிறாள். வர வேண்டாம் என்கிறாள். குரல் வா என்கிறது. சின்னமனூரிலிருந்து என் தம்பியும் வந்து, "அங்கன போயி விழுந்து கெடந்தா யாரு பாப்பாக, அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நான் போகத்தான் போகிறேன். அவள் வலியெடுத்துக் கிடக்கும்போது நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். டாக்டரிடம் போய் என் வியாதியையும் மருந்துப் பெயர்களையும் இங்கிலீஷில் எழுதி வாங்கிவிட்டேன். பயணத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று. கசகசாவை அந்த ஊரில் போதைப்பொருள் என்பார்களாம், கொண்டுபோகக் கூடாதாம்; அது போடாமல் மசாலா அரைத்தேன். விமானத்தில் பசித்தால் சாப்பிட, கைப்பையில் பிஸ்கட்டும் இருக்கிறது. நான் மயங்கி விழுந்தாலும், கைப்பையில் இருக்கும் டாக்டர் சீட்டைப் பார்த்து, என் பாஷை தெரியாதவருக்குக்கூட என் உடம்பைப் பற்றித் தெரிந்துவிடும்.

அந்த ஒற்றை மாத்திரையைக் குப்பையில் போட்டேன். உங்கள் கை பட்டதாயிற்றே என்று கொஞ்சம் தயங்கினேன், அழுகையும் வந்தது, ஆனாலும் போட்டேன். பிள்ளை பெற்றவளுக்குப் பாலில் தட்டிப் போட, கழுவித் துடைத்த அதே டப்பா நிறைய ஏலக்காய் எடுத்துக்கொண்டேன். பார்த்துச் சொல்ல நீங்கள் இல்லாததால் முதல் ரகத்தை நானே கண்ணால் பிரித்தேன். மாத்திரைகளை மட்டும் அட்டையிலேயே வைத்திருக்கிறேன்.