முழுகிய ஆரஞ்சு

மைசூர்,
12 டிசம்பர் 1936

என் பிரியமுள்ள ஹில்டாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஸ்டெல்லாவும் சுகம். மதனப்பள்ளியில் குளிர் எப்படி? நான் அனுப்பிய கம்பளியை மடித்துப் பத்திரப்படுத்தாமல் போர்த்திக்கொள். உன்னைத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து போய்விட்டார். பதறாமல் வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பாதே.

நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது உன் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய டீச்சரம்மாவிடம் வீராப்பாகச் சொன்னேனே, அப்போது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். இன்ஸ்பெக்டருக்குத் திருப்தியாக இருந்தால் உன் இடம் உனக்காகக் காத்திருக்கும். இல்லாவிட்டால் ஜனவரியில் புது டீச்சர். இதை உனக்கு எழுதாமல் மறைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

மேல் வகுப்புப் பையன்களுக்கு சயன்ஸ் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இந்தச் சுண்டைக்காய்கள் எம்மாத்திரம் என்று நினைத்தேன். மிதப்பவை, முழுகுபவை பாடம். தண்ணீர்த் தொட்டி, பாக்கு, கூழாங்கல், கத்தரிக்காய், சாவி எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று அதட்டிவிட்டு, ஒவ்வொன்றாக நானே போட்டு விளக்கினேன். ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. கெம்பையன் வெளியே போக வேண்டும் என்றான். அவனுக்குத் துணையாக ஒன்பது பேர் கிளம்பினார்கள். திரும்பி வந்தவர்கள் நாலே பேர். உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி நன்றாகத் தூங்கிவிட்டாள். அவள் நம் மகள்.

ராத்திரி சாப்பிடும்போது ஏன் தூங்கினாய் என்று கேட்டேன். நீங்க மட்டும் தண்ணியில விளையாடுறீங்க, நாங்க என்ன பண்றது, அம்மான்னா எங்களையே போடச் சொல்வாங்க என்றாள். பி.ஏ. படித்த மண்டைக்கு இது தோன்றவில்லை பார்.

மறுநாள் தொட்டியைத் தரைக்கு இறக்கினேன். போடுவதற்கு முன்னால் ஒரு வேலை வைத்தேன்: மிதக்கும் என்பவர்கள் ஜன்னல் பக்கம் ஓட வேண்டும், முழுகும் என்பவர்கள் கதவுப் பக்கம். அப்புறம்தான் முறை வந்த பிள்ளை தண்ணீரில் போடலாம். சிந்துவதைத் துடைக்க இரண்டு பேருக்குத் துணி கொடுத்தேன். ஹில்டா, அந்தத் துணிக்குத்தான் அடிதடி! முக்கால் மணி நேரம் ஒருவரும் வெளியே போகக் கேட்கவில்லை, கெம்பையன்கூட.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். தலையில் சரிகைப் பேட்டா, கழுத்து மூடிய கோட்டு, சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற முகம். அன்றைக்கென்று மார்க்கெட்டில் இரண்டு குடகு ஆரஞ்சு வாங்கி வைத்திருந்தேன். ஒன்றைத் தோலோடு போட்டோம், மிதந்தது. தோலை உரித்துவிட்டால்? பாரம் குறையும், இன்னும் நன்றாக மிதக்கும் என்று முப்பத்தொரு பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அவரும் மெதுவாக இரண்டடி வைத்து ஜன்னல் பக்கமே நின்றார். கெம்பையன் போட்டான். ஆரஞ்சு நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

அப்பா, அப்பா, முழுகிவிட்டது என்று வகுப்பே கத்தியது. ஸ்டெல்லா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நான் எல்லோருக்குமே அப்பா ஆகிவிட்டேன், எவ்வளவு சொல்லியும் மாற்ற முடியவில்லை. இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார்.

நான் தொண்டையைச் செருமி விளக்கம் ஆரம்பிப்பதற்குள் உன் வாண்டு மாதம்மா, கீழே கிடந்த தோலை எடுத்துத் தண்ணீருக்குள் அழுத்தினாள். குட்டிக் குட்டியாகக் குமிழிகள் வந்தன. தோலுக்குள் காற்று இருக்கிறது, அதுதான் பழத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது என்று கன்னடத்தில் அடித்துச் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் அரை மணி ஆகியிருக்கும். இன்ஸ்பெக்டர் கோட்டுக் கையை மடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தானும் அழுத்திப் பார்த்தார். இன்னொரு தரம் செய்யலாம் என்று இரண்டாவது ஆரஞ்சைக் கேட்டார். அது எப்போதோ சுளை சுளையாகப் பங்கு போய்விட்டிருந்தது. பரிசோதனையைத் தின்றுவிட்ட வகுப்பை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

புறப்படும்போது, உங்கள் டீச்சர் யார் என்று பிள்ளைகளைக் கேட்டார். ஹில்டா டீச்சர் என்றார்கள் ஒரே குரலில். அப்படியானால் இவர் யார் என்றார். இவர் அப்பா, டீச்சர் வருகிறவரைக்கும் இருப்பார் என்றார்கள். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் ரிப்போர்ட்டில் வகுப்பு ஆசிரியை என்ற இடத்தில் உன் பெயரையே எழுதினார். ஜூன் வரை உன் இடத்துக்கு யாரையும் எடுப்பதில்லை என்று பெரிய டீச்சரம்மா அப்போதே சொல்லிவிட்டார். சந்தோஷம் தாங்காமல் ஸ்டெல்லாவைத் தோளில் ஏற்றிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இன்னொன்று. உன் போன கடிதம் வேறு கையெழுத்தில் வந்தது. எழுதித் தந்த நர்ஸ் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். இது அம்மா எழுத்து இல்லையே என்று ஸ்டெல்லா கேட்டாள். அம்மா புதிதாக எழுதிப் பழகுகிறாள் என்று சமாளித்தேன். பாலையும் முட்டையையும் வேண்டாம் என்று ஒதுக்காதே. டாக்டர் எழுந்திருக்கக் கூடாது என்றால் எழுந்திருக்காதே. முடிகிற அன்று ஒரே ஒரு வரி மட்டும் உன் கையால் எழுது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஹில்டா.

கர்த்தர் உன் மூச்சை நாளுக்கு நாள் பலப்படுத்தி, உன்னை எங்களிடம் திரும்பத் தருவாராக.

உன்,
இஸ்ரவேல்