கைவிசேடம் கேட்டு வந்தவர்கள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
2025 மே 6

அன்புள்ள பத்மா,

நான் நலம். உம்முடைய நலத்தையும் அண்ணன் வீட்டாரின் நலத்தையும் எழுதும். போன் அடித்தால் நீர் எடுக்கிறீர் இல்லை. எடுத்தால் நான் கடைச் சத்தத்தில் கதைப்பேன், எழுதினால் யோசித்து எழுதுவேன் என்று கீர்த்தனியிடம் சொன்னீராம். பிள்ளை கொழும்பில் வேலைக்குப் போகிறாளா, எங்களுக்கு நடுவில் தபால் வேலை பார்க்கிறாளா? சரி, எழுதுகிறேன். மூதூர் பஸ்ஸில் கொண்டக்டராக ஓடுகிற பஸ்லானிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவனிடமே கொடும்.

இங்கே புதினம் ஒன்றும் இல்லை. காலையில் கடையைத் திறக்கிறேன். கயிறு, வலை, தூண்டில் எல்லாவற்றையும், எங்கள் யாவாரத்தைப் படுக்கவைத்த அந்தப் புதுக் கடைக்காரனுக்கே வித்த பிறகு என்னத்துக்குத் திறக்கிறியள் என்று கேட்பீர். திறக்காவிட்டால் வீதியில் போகிறவன் கேட்பானே. மேசையடியில் இருந்து சாமான் இல்லாத வெறும் றாக்கையைப் பார்க்கிறேன். வீதியில் திரிகிற மான்கள் மட்டும் பழைய பழக்கத்தில் வாசலுக்கு வந்து, தின்னக் கடதாசிப் பெட்டி தேடுகின்றன. பெட்டியும் இல்லை. அதுகளும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

குசினியில் மிளகாய்த்தூள் எந்தப் போத்தலில் என்று எழுதும். வருசப்பிறப்பன்று நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் கதைக்கவில்லை. கோபம் ஆறினால் வாரும்.

இப்படிக்கு,
பாலசிங்கம்


கட்டைபறிச்சான்,
மே 13

கீர்த்தனியின் அப்பாவுக்கு,

மிளகாய்த்தூள் பச்சை மூடிப் போத்தலில். கரண்டி ஈரமாக இருந்தால் உள்ளே விடாதேங்கோ.

வருசத்தன்று நடந்ததைக் கதைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கதைக்க வேண்டியது அது ஒன்றுதான். கடை போனதற்காக நான் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. உங்களைக் கட்டும்போது உங்களிடம் கடையா இருந்தது? சைக்கிள் கரியரில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சல்லிக்கும் நிலாவெளிக்கும் போய் முழம் போட்டு வித்த ஆள்தானே நீங்கள்.

அன்றைக்கு நான் தட்டத்தில் வெற்றிலையும் புதுக் காசுத் தாள்களும் அடுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன். தோணிக்காரர் வழமைபோல் வந்து ஷட்டரைத் தட்டுகிறார்கள். நல்ல நேரத்தில் உங்கள் கையால் கைவிசேடம் வாங்கினால்தான் அந்த வருசம் கடல் கொடுக்கும் என்று இவ்வளவு காலமும் வந்த சனம். நீங்கள் லைட்டை நிப்பாட்டிப்போட்டு, “பத்மா, நான் இல்லையெண்டு சொல்லு” என்றீர்கள். பின்பக்கத்தால் சுற்றிப் போய்ச் சொன்னேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். வினோதன் போகவில்லை. “புது வள்ளம் இறக்கவேணும் அக்கா. அண்ணை வரட்டும், நான் நிக்கிறன்” என்று வெயிலில் நின்றான்.

உள்ளே நீங்கள் தும்மினீர்கள்.

அவனுக்குக் கேட்டது. கேட்டதை நான் அவன் முகத்தில் பார்த்தேன். குனிந்துகொண்டு போனான். உங்கள் வெட்கம் இருட்டுக்குள் கதிரை போட்டு இருந்தது. என்னுடையது வீதியில் தட்டத்தோடு நின்றது.

பத்மாசனி


திருகோணமலை,
மே 25

அன்புள்ள பத்மா,

உம்முடைய கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன். திரும்ப எடுத்து வாசிக்கத் தைரியம் வரவில்லை.

ஏன் கதவைத் திறக்கவில்லை என்று சொல்கிறேன். என் கை இப்போது விழுந்துபோன கை. தன் யாவாரத்தையே காப்பாற்றத் தெரியாத கையால் ஒரு தாளைக் கொடுத்து, அதனால் வினோதனின் வருசமும் படுத்துவிட்டால்? உக்கின கயிற்றை நான் ஒருத்தனுக்கும் வித்ததில்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். பாதிதான் உண்மை. மற்றப் பாதி, ஷட்டரைத் தூக்கினால் அவங்கள் வெறும் றாக்கையைக் காண்பாங்கள். “முதலாளி” என்று கூப்பிட்ட வாய் அடுத்து என்ன சொல்லும்?

சாமானைத் தொட்டால் விலை சொல்லுவேன். ஆளைப் பார்த்தால் கடன் கொடுக்கலாமா என்று சொல்லுவேன். நாளைக்கு எழும்பி எந்தப் பக்கம் நடக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை பத்மா. இடப்பக்கம் போனால் புதுக் கடை. வலப்பக்கம் போனால் கரை. இரண்டு பக்கமும் தெரிந்த முகம். அதனால் உள்ளேயே இருக்கிறேன்.

கீர்த்தனிக்கு இதைச் சொல்லவேண்டாம்.

பாலசிங்கம்


கட்டைபறிச்சான்,
யூன் 10

கீர்த்தனியின் அப்பாவுக்கு,

இந்த முறை கடைச் சத்தம் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

நேற்று வினோதன் இங்கே வந்தான். சல்லியிலிருந்து இவ்வளவு தூரம், கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்து. வருசத்திலிருந்து அந்த வள்ளம் மணலிலேயே கிடக்குதாம். மனிசி ஏசுகிறாளாம். “அண்ணை தரமாட்டார். நீங்களாவது தாங்கோ அக்கா” என்று கையை நீட்டினான். மச்சாளிடம் ஒரு வெற்றிலை வாங்கி, என் பேர்சிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்துக் கொடுத்தேன். என் கையால் கொடுக்கலாமோ என்று ஒருக்கால் நினைத்ததுதான். ஆனால் பிறகு யோசித்தேன். ஒவ்வொரு வருசமும் தட்டத்திலிருந்து எடுத்து உங்கள் கையில் வைத்தது ஆர்? ராசி எந்தக் கையில் இருந்தது என்று நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இன்றைக்கு விடியவே வள்ளம் இறக்கியாச்சு என்று போன் எடுத்தான். வலையில் ஒன்றும் இல்லையாம், கொஞ்சம் சூடை மீனைத் தவிர. அதைச் சொல்லவும் அவனுக்குச் சிரிப்பு.

இன்னுமொன்று. இங்கே களப்புக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் நாலு தூண்டிலுக்கும் நாலு முழக் கயிற்றுக்கும் ஒரு நாளை முறித்துக்கொண்டு ரவுணுக்கு வருகிறார்கள். மச்சாள் மாட்டைக் கட்டப் பழைய சேலைக் கரையைக் கிழித்து முறுக்கி வைத்திருக்கிறா. நான் என்ன சொல்லவாறேன் என்று ஒரு யாவாரிக்கு விளங்கும். விளங்காதமாதிரி இருக்கவேண்டாம். உங்கள் பழைய சைக்கிள் அங்கே பின் விறாந்தையில்தான் நிற்கிறது.

பத்மாசனி


திருகோணமலை,
யூலை 2

அன்புள்ள பத்மா,

வந்தனான். திரும்பிப் போனனான். அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

புதுக் கடைக்காரனிடமே போய், நான் வித்த கயிற்றில் இரண்டு சுருளையும் கொஞ்சத் தூண்டிலும் திரும்ப வாங்கினேன். அவன் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பஸ்லான் சைக்கிளை பஸ்ஸின் மேலே ஏற்றி, மூதூரில் இறக்கித் தந்தான். சந்திவரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தேன். அங்கே இன்ஷாப் தன் கடைவாசலில் நிற்கிறான். என்னிடம் மொத்தமாகக் கயிறு எடுத்த அதே இன்ஷாப்.

“அட, முதலாளி! என்ன சைக்கிள்ள? வாகனம் எங்க?”

பகிடிக்குத்தான் கேட்டான். என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது: “இது வேற ஆளின்ரை. குடுத்துவிடச் சொன்னவர்.” சொன்ன பிறகு அதில் ஏற ஏலுமா? அவன் சுவரிலேயே சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். என்னை வளர்த்த சைக்கிள். அதையும் என்னுடையது இல்லை என்றுவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்லான் டிக்கெட் கிழிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் போனான். அதுதான் கூட வலித்தது.

பாலசிங்கம்


மூதூர்,
யூலை 27

அன்புள்ள பத்மா,

பதில் வரவில்லை. பஸ்லானை மறித்து மறித்துக் கேட்டேன். கடைசியில் அவனுக்கே பொறுமை போய், “அக்கா ஒண்டும் தரல்ல முதலாளி. நானா எழுதித் தாற?” என்றான். ஏசாமல் இருந்துவிட்டீர். ஏசியிருந்தால் அதற்குப் பதில் எழுதிக்கொண்டு இன்னும் ரவுணிலேயே இருந்திருப்பேன்.

இன்றைக்குக் காலையில் இன்ஷாபின் கடைக்கு வந்து, “சைக்கிள் என்ரை” என்றேன்.

“தெரியும்” என்றான். “கரியர்ல போட்டிருக்கிற முடிச்சப் பார்த்தாத் தெரியாதா? உங்களத் தவிர ஆரு அப்பிடிக் கட்டுற? வெய்யில்ல கயிறு காயும் எண்டு உள்ளுக்கு எடுத்து வச்ச.”

டயருக்குக் காற்றும் அடித்து வைத்திருக்கிறான். அவனிடம் கடதாசி வாங்கி, அவன் மேசையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். “வீட்டுக்காரிக்குக் கடிதம், வீட்டுக்குப் போற வழியிலயா?” என்று கேட்டுச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

பஸ்லானுக்கு இன்றைக்கு வேலை இல்லை. நானே கொண்டுவந்து வாசல் படலையில் செருகிவிட்டு மணி அடிப்பேன். வழியில் ஆராவது மறித்தால் முழம் போட்டு வெட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். அதனால் கொஞ்சம் சுணங்கலாம். வெட்கம் போய்விட்டது என்று எழுத ஏலாது. கயிற்றோடு சேர்த்து அதையும் கரியரில் கட்டிக்கொண்டுதான் வாறேன்.

நீர் வாசித்து முடிக்கும்வரை படலைக்கு வெளியே, வெயிலில் நிற்பேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் மச்சாளை அனுப்பி, பத்மா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லும். நான் நம்புவேன். உள்ளே நீர் தும்மினாலும் எனக்குக் கேட்காது. மாட்டுக்கு ஒரு கயிற்றைப் படலையில் தொங்கவிட்டு, அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை உருட்டுவேன். யாவாரம் நிற்காது.

அப்படி இல்லையென்றால், வெற்றிலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெறுங்கையோடு வாரும். எனக்கு இந்த வருசக் கைவிசேடம் இன்னும் கிடைக்கவில்லை.

வாசலில் நிற்கிற,
பாலசிங்கம்